அப்பாவுக்குத் தூக்கம் வரலைன்னா எங்கே போறது?

தூக்கம் வரவில்லை என்று ஒரு உழவர் நம்மிடம் சொன்னால் என்ன பதில் சொல்கிறோம்? "பகல்ல நல்லா உழைச்சா ராத்திரி தானா வரும்ணே." "பால்ல கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள் போட்டுக் குடிங்க." அதற்குமேல் கேட்க மாட்டோம். கொட்டகையில் மாடு ஒரு வேளை தீனி எடுக்கவில்லை என்றால் மறுவேளைக்குள் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டுவிடுகிறோம். சாணியைப் பார்க்கிறோம், அசை போடுகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம். மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடாத, தூங்காத மனுசனுக்கு மட்டும் ஜாதிக்காய்.

மண் நலம், விதை நலம், மாட்டு நலம் எல்லாம் நம் இதழில் நிறையப் பேசியாகிவிட்டது. பிள்ளை குட்டி வைத்திருக்கும் உழவனின் மனநலம் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. எங்கே போக வேண்டும், அங்கே என்ன சொல்ல வேண்டும், என்ன செலவாகும், மாத்திரை கொடுத்தால் சாப்பிடலாமா? இந்த நடைமுறைக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இதில் பாதி, நானே போய் வந்த வழி.

ஏன் அப்பாக்களை மட்டும் தனியாகச் சொல்கிறேன் என்று கேட்கலாம். ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்து தாயை விசாரிக்கிறார். ரத்தம் எப்படி, தூக்கம் எப்படி, பால் எப்படி என்று கேட்கிறார். அவசியமான விசாரிப்பு அது. அதே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தகப்பனிடம் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்க யாரும் நியமிக்கப்படவில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரை, மனைவி கருவுற்றதிலிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரையிலான காலத்தில் அப்பாக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகச் சொல்கிறது. இது குழந்தை பிறந்த காலத்துக் கணக்கு மட்டும். அப்புறம் பள்ளிக்கூட ஃபீஸ், காலேஜ் சீட்டு, மகள் கல்யாணம், "எனக்கு விவசாயம் வேண்டாம்ப்பா" என்று சொல்லும் மகன் என்று வரிசையாக வருகிறதே, அதற்கெல்லாம் யார் கணக்கெடுத்தார்கள்?

இன்னொரு கணக்கு இருக்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி அந்த வருடம் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். நூற்றுக்கு 72 பேர் ஆண்கள். விவசாயத்தைச் சார்ந்தவர்கள் 11,290 பேர். மொத்தக் கணக்கில் முதல் காரணமாகப் பதிவானது குடும்பப் பிரச்சினை, அடுத்தது நோய். கடனைப் பற்றி நாம் மேடையில் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் கடன் நுழைந்த வீட்டில் முதலில் கெடுவது பேச்சு. அதை வெளியே இருந்து பார்க்கிறவர்கள் குடும்பச் சண்டை என்று எழுதிக்கொள்கிறார்கள்.

இயற்கை வேளாண்மைக்கு மாறுகிறவருக்கு இன்னொரு சுமையும் கூடும். விளைச்சல் இறங்கி ஏறும் முதல் இரண்டு மூன்று வருடம் இருக்கிறதே, அப்போது அவர் ஊரிலும் தனியாள், வீட்டிலும் தனியாள். "எல்லாரும் யூரியா போடுறாங்க, நீங்க மட்டும் என்னங்க சாணியைக் கரைச்சிட்டிருக்கீங்க" என்று மனைவி கேட்பதில் தவறில்லை. அவருக்கும் பயம். மாமனார் வீட்டில் பேச்சு, பங்காளி வீட்டில் சிரிப்பு. அந்த மூன்று வருடத்தில் பிள்ளை பத்தாம் வகுப்பில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆம்பளைக்கு எப்படித் தெரியும்?

மனச்சோர்வு என்றாலே மூலையில் உட்கார்ந்து அழுவது என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆண்களிடம் பெரும்பாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும். சின்ன விஷயத்துக்கு எரிச்சல், நெஞ்சுப் படபடப்பு, வாயு, தலைபாரம், இடுப்பு வலி. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, அதற்கப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பது. ஒரு குவார்ட்டர் போட்டால்தான் தூக்கம் என்று ஆவது. இல்லாவிட்டால் வீட்டுக்கு வராமல் ராத்திரி வரை வயலிலேயே ஏதாவது செய்துகொண்டிருப்பது. இதை ஊர் உழைப்பாளி என்று பாராட்டும்.

எனக்கு வந்தது படபடப்பு. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தேன். 2018 நவம்பர் 16 விடியும்போது கஜா புயல் அந்தத் தோப்பைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. தென்னங்கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம். மகள் அப்போது எட்டாவது, மகன் மூன்றாவது. விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்துகிறவரை ஒன்றும் தெரியவில்லை, வேலை இருந்தது. ஐந்து மாதம் கழித்து, எல்லாம் ஓய்ந்த பிறகுதான் ஆரம்பித்தது. நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை வியர்க்கும். மாரடைப்பு என்று நினைத்து ஈசிஜி எடுத்தோம், எக்கோ எடுத்தோம். எல்லாம் நார்மல். வீட்டில் மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசலாமா வேண்டாமா என்று முடிவு செய்வாள். அதைக் கவனித்தவர் என் மனைவி. "என்னங்க, பிள்ளைங்க உங்களைப் பார்த்துப் பயப்படலை. உங்களுக்காகப் பயப்படுதுங்க" என்றார்.

மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு எளிமையானது. மனசு கனமாக இருப்பது அல்லது எதிலும் பிடிப்பில்லாமல் போவது, அதோடு தூக்கம், பசி, தெம்பு, கவனம் இவற்றில் மாற்றம். இது இரண்டு வாரத்துக்கு மேல் அன்றாடம் தொடர்ந்து, வேலையையும் வீட்டையும் பாதிக்கிறது என்றால் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இரண்டு வாரம், அவ்வளவுதான். இரண்டு வருடம் பொறுத்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில்

மனநல மருத்துவர் என்றால் சென்னைக்கோ மதுரைக்கோ போகணும், ஆயிரக்கணக்கில் ஆகும் என்று நினைக்கிறோம். 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு உண்டு. அங்கிருந்து ஒரு குழு, குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வரும். மருத்துவரோடு உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் இருப்பார்கள். ஆலோசனைக்கும் மாத்திரைக்கும் காசு கிடையாது. எந்தக் கிழமை, எந்த அறை என்பதை ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் "தூக்கத்துக்குப் பார்க்கிற டாக்டர் எப்ப வருவாரு?" என்று கேளுங்கள். புரிந்துகொள்வார்கள். நான் அப்படித்தான் கேட்டேன்.

உள்ளே போனால் என்ன சொல்வது? இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். டாக்டர் "என்ன செய்யுது?" என்றதும் "வாயுத் தொல்லைங்க" என்று ஆரம்பித்து, வாயு மாத்திரையோடு வெளியே வந்துவிடுவார்கள். உடம்பில் இருப்பதைச் சொல்லுங்கள், தப்பில்லை. அதோடு மூன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: எத்தனை நாளாகத் தூக்கமில்லை, வீட்டில் என்ன மாறியிருக்கிறது, எதை நினைத்தால் அடங்காமல் ஓடுகிறது. மனைவியைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. நாம் விட்டதை அவர் சொல்லிவிடுவார். ரத்தப் பரிசோதனை எழுதினால் எடுத்துவிடுங்கள். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 சத்துக் குறைவு, சர்க்கரை இவையும் இதே மாதிரி சோர்வைக் கொடுக்கும். சுத்த சைவக்காரர்களுக்கு பி12 குறைவது சகஜம், நம் நண்பர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய.

பூச்சிமருந்து அடித்த காலம் எத்தனை வருடம் என்பதையும் சொல்லுங்கள். அமெரிக்காவில் அயோவா, வடக்குக் கரோலினா மாநிலங்களில் மருந்து தெளிக்கிறவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், பூச்சிக்கொல்லிப் பாதிப்புக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு தெரிந்திருக்கிறது. நம்மில் பலர் இயற்கைக்கு மாறுமுன் பதினைந்து, இருபது வருடம் முதுகில் டேங்க் சுமந்தவர்கள்தானே.

"ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்குப் பொண்ணுக்கு மாப்பிள்ளை வருமா?" இந்தப் பயம் நியாயமானது, சிரிக்கக்கூடாது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசிடம் மனநல சிகிச்சை பெறுவதை உரிமையாக ஆக்கியிருக்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் கடமையும் அதில் இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்க வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டம்தான். ஊர் வாய்க்குச் சட்டமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ரசாயனம் போடாமல் விவசாயம் பார்க்கிறான் என்பதற்காகவே "பைத்தியம்" பட்டம் வாங்கியவர்கள் நாம். அந்தச் சொல்லைப் பார்த்து மற்றவர்கள் அளவுக்கு நாம் மிரள வேண்டியதில்லை.

கிழக்கே விடியுமுன் பேச வேண்டும் என்றால்

விடிகாலை மூன்று மணிக்கு ஓ.பி. இருக்காது. 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுக்க நடக்கும் 'டெலி மானஸ்' சேவை இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்று பெயர். இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. எடுப்பவர் ஆலோசகர். தேவையென்றால் மனநல மருத்துவரோடு இணைப்பார், பக்கத்தில் எங்கே நேரில் பார்க்கலாம் என்றும் சொல்வார். வீட்டில் பேச முடியாதவர்கள் மோட்டார் கொட்டகைக்குப் போய்ப் பேசுங்கள். பேச்சு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், "நான் ஒரு விவசாயி, ரெண்டு பிள்ளைங்க, தூக்கமே இல்லை" என்றால் போதும். மற்றதை அவர்களே கேட்டுக்கொள்வார்கள். முதல் தடவை பேசியவரிடம் மனசு ஒட்டவில்லையா, இன்னொரு நாள் கூப்பிடுங்கள், வேறொருவர் எடுப்பார்.

சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய 'சினேகா' தற்கொலைத் தடுப்புக்கென்றே தன்னார்வலர்களை வைத்து நடக்கும் அமைப்பு. எண் 044-24640050. புதுக்கோட்டைப் பக்கத்து நண்பர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கலாம்: சென்னையின் 'ஸ்கார்ஃப்' நிறுவனம் அந்த மாவட்டத்துக் கிராமங்களுக்குப் பேருந்தை அனுப்பி, அதற்குள்ளேயே காணொலி வழியாக மருத்துவரோடு பேசவைத்துச் சிகிச்சை கொடுத்திருக்கிறது. மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இருக்கிறது.

மாத்திரை சாப்பிடலாமா?

நம் கூட்டத்தில் இதுதான் பெரிய முட்டுக்கட்டை. நிலத்துக்கே ரசாயனம் வேண்டாம் என்று முடிவெடுத்தவன் உடம்புக்கு எப்படி ஒத்துக்கொள்வான்? எனக்கும் இந்தக் கேள்வி வந்தது. டாக்டரிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "உங்க கன்னுக்குட்டிக்கு மடக்கு வாய்வு வந்து மூச்சுத் திணறுனா என்ன செய்வீங்க சார்? முதல்ல உயிரைக் காப்பாத்துவீங்க. அப்புறம் தீனியை மாத்துவீங்க. ரெண்டும் வேணும்" என்றார்.

லேசான மனச்சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே போதும் என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். கொஞ்சம் முற்றினால் மாத்திரையும் சேர வேண்டும். மனச்சோர்வு மாத்திரைக்கும் தூக்க மாத்திரைக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் தூக்க மாத்திரைகளில் சில பழக்கமாகி ஒட்டிக்கொள்ளும். அதை நாமாக வாங்கவே கூடாது. மனச்சோர்வுக்குக் கொடுப்பது அந்த வகையில் அடிமைப்படுத்துவதில்லை. ஆனால் மெதுவானது. இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை ஆகும் பலன் தெரிய. ஜீவாமிர்தம் விட்ட மறுநாளே பயிர் கருகருவென்று நிற்கிறதா என்ன? முதல் சில நாள் குமட்டல், தலைவலி, தூக்கத்தில் குழப்பம் வரலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். தாம்பத்திய ஆர்வம் குறைவதும் சிலருக்கு உண்டு. வெட்கப்படாமல் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார்கள். குணம் தெரிந்த பிறகும் பல மாதம் தொடரச் சொல்வார்கள். நன்றாக இருக்கிறதே என்று நாமாக ஒருநாளில் நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு திரும்பும். குறைக்கும்போது டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஒருவேளை மாத்திரை ஆரம்பித்த பிறகு நிலைகொள்ளாத தவிப்போ தப்பான எண்ணமோ கூடினால், அடுத்த ஓ.பி. வரை காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும்.

அமுக்கரா சூரணம் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள். அமுக்கரா மயக்கத்தைக் கூட்டலாம், தைராய்டு அளவையும் அசைக்கும். "அது மூலிகைதானே, சொல்லணுமா?" என்று விடுகிறோம். மூலிகைக்கு வேலை செய்யும் குணம் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் அல்லவா நாம்?

சாராயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டாஸ்மாக் பாட்டில் தூங்க வைக்கும், மூன்று மணிக்கு எழுப்பியும் விடும். மறுநாள் மனசு இன்னும் கீழே போகும். ஆனால் வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடிப்பவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், பிதற்றல், வலிப்பு வரை போகலாம். அப்படிப்பட்டவர் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதுதான் பாதுகாப்பு.

வீட்டில் இருக்கிற பழைய பாட்டில்

நாம் இயற்கைக்கு மாறிவிட்டோம் என்றாலும் பரணில், மோட்டார் கொட்டகை மூலையில் பழைய பூச்சிமருந்து கிடக்கும். தம்பி வீட்டு டப்பாவும் இருக்கலாம். இதைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு அலை மாதிரி வந்து, கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் நஞ்சு கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் நிற்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில் தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் செய்துபார்த்து 2013இல் வெளியிட்டார்கள். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள், பயன்படுத்தினார்கள். இலங்கை இன்னும் ஒரு படி மேலே போனது. கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தது. 1990களின் நடுவில் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. விளைச்சல் விழவில்லை. நஞ்சில்லா விவசாயத்துக்கு நாம் சொல்லும் காரணங்களில் இதையும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

நண்பர் ஒருவர் பேச்சு சரியில்லை என்று தோன்றினால் நேராகவே கேட்டுவிடலாம்: "அண்ணே, செத்துடலாம்னு ஏதும் நினைப்பு வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால் பாரம்தான் குறையும். ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். 14416ஐ அழைத்துப் பேச வையுங்கள். அவசரம் என்றால் 108.

கடனுக்கு மனநல மருத்துவர் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். கட்ட மாட்டார்தான். ஆனால் தூங்கி எழுந்த மூளைக்குத்தான் வங்கிக் கடிதத்தை முழுசாகப் படிக்க முடிகிறது. கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றால் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி கேட்கலாம். மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போகிறவர் தனியாகப் போக வேண்டாம். இயக்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது? சொல்லாவிட்டால், தன்னால்தான் அப்பா இப்படி ஆகிவிட்டார் என்று அவர்களாக நினைத்துக்கொள்வார்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: "அப்பாவுக்கு மனசுல ஒரு காய்ச்சல்ம்மா. டாக்டர்ட்ட போறேன், சரியாயிட்டு வருது. உங்களால இல்லை." மகன் "மாத்திரை கசக்குமா?" என்று கேட்டான். மகள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து என் மாத்திரை அட்டையைக் காலண்டர் ஆணியில் மாட்டி வைத்தாள்.

இப்போது எங்கள் வட்டாரக் குழு கூடும் இடத்தில் விதை இருப்பு எழுதும் பலகை ஒன்று உண்டு. மேலே மாப்பிள்ளைச் சம்பா எத்தனை கிலோ, கருங்குறுவை எத்தனை கிலோ என்று இருக்கும். அதற்குக் கீழே தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வரும் கிழமையும் 14416ம் எழுதியிருக்கிறோம். துணைக்கு ஆள் வேண்டும் என்றால் கூட வருவதற்கு எங்களில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. உங்கள் குழுவின் பலகையிலும் இடம் இருக்கும், அந்தக் கிழமையை மட்டும் உங்கள் ஆஸ்பத்திரியில் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.